வெறும் தரைக்கு ஏன் 36 டாலர்? அமெரிக்கப் பூங்காக்களில் கேம்பிங் கட்டணம் ஏறும் கதை

அமெரிக்க நேஷனல் பார்க் ஒன்றில் டென்ட் அடித்து ஓர் இரவு தங்கப் போகிறவர் காசு கொடுத்து வாங்குவது என்ன? எண் போட்ட ஒரு சைட். அதில் இடத்தை விட்டு நகராத கனத்த மேசை ஒன்று, நெருப்பு மூட்ட ஓர் இரும்பு வளையம், காரை ரிவர்ஸில் விட்டு நிறுத்த ஒரு குட்டித் தடம், டென்ட் அடிக்கச் சமமான மண்தரை. நடக்கும் தூரத்தில் கழிப்பறையும் குடிநீர்க் குழாயும் இருக்கும். கூரையையும் படுக்கையையும் நாம்தான் காரில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். யோசமிட்டிப் பள்ளத்தாக்கின் அப்பர் பைன்ஸ் கேம்ப்கிரவுண்டில் இதற்கு இரவுக்கு 36 டாலர். 2022க்கு முன்பு 26 டாலர். 2015க்கு முன்பு 20 டாலர். பார்க்கினுள் நுழைய ஒரு காருக்கு 35 டாலர் கட்டுகிறோமே, அது தனி.

ஹோட்டல் அறை வாடகையும் விமான டிக்கெட்டும் கூட்டத்தைப் பார்த்து ஏறும், இறங்கும். அரசு பூங்காவில் தங்கும் கட்டணம் பொதுவாக அப்படி இல்லை. அதை அதிகாரிகள் உட்கார்ந்து, சட்டத்தைப் பார்த்து, பொதுமக்களிடம் கருத்துக் கேட்டு நிர்ணயிக்கிறார்கள். அந்த நிர்ணயத்துக்குள் ஒளிந்திருக்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: பொதுச் சொத்தைப் பராமரிக்கும் செலவில் எவ்வளவை வரி கட்டும் எல்லோரும் சுமப்பது, எவ்வளவை அங்கே வந்து தங்குகிறவர் சுமப்பது? கடந்த அறுபது ஆண்டுகளில் இந்தச் சுமை கொஞ்சம் கொஞ்சமாகத் தங்குகிறவர் தோளுக்கு மாறிக்கொண்டே வந்திருக்கிறது. கட்டணம் ஏறுவதாக நாம் உணர்வதில் பெரும் பங்கு இந்த இடமாற்றத்துக்கு உண்டு.

யார் நிலம், யார் கல்லாப்பெட்டி

புதிதாக கேம்பிங் போகிறவர்கள் 'பார்க்' என்று பொதுவாகச் சொல்லிவிடுவார்கள். நிலத்துக்குச் சொந்தக்காரர் யார் என்பதைப் பொறுத்துத்தான் கட்டணம் மாறுகிறது. யெல்லோஸ்டோன், யோசமிட்டி போன்றவை மத்திய உள்துறையின் கீழ் வரும் நேஷனல் பார்க் சர்வீஸின் பொறுப்பு. நேஷனல் ஃபாரஸ்ட் என்று பலகை இருந்தால் அது வேளாண் துறையின் கீழ் இருக்கும் ஃபாரஸ்ட் சர்வீஸுக்குச் சேர்ந்தது. மேற்கு மாநிலங்களின் பரந்த வறண்ட நிலங்களை பி.எல்.எம். என்கிற நில மேலாண்மை அமைப்பு கவனிக்கிறது. அணை ஏரிகளின் கரையில் உள்ள கேம்ப்கிரவுண்டுகள் பல ராணுவப் பொறியாளர் படையினுடையவை. இவற்றோடு ஒவ்வொரு மாநிலத்துக்கும் அதனதன் ஸ்டேட் பார்க், அதற்கும் கீழே கவுன்ட்டி பார்க்குகள்.

சொந்தக்காரர் அரசு என்பதால் நடத்துவதும் அரசு என்று நினைத்துவிட வேண்டாம். யெல்லோஸ்டோனின் பெரிய கேம்ப்கிரவுண்டுகளை சான்டெரா என்ற தனியார் நிறுவனம் நடத்துகிறது. ஃபாரஸ்ட் சர்வீஸ் கேம்ப்கிரவுண்டுகளிலும் பெரியவை, கூட்டம் வருகிறவை ஆகியவற்றில் கணிசமானவை குத்தகைக்காரர் கையில் இருக்கின்றன. ஆகவே பக்கத்துப் பக்கத்துக் காடுகளில் ஒரே மாதிரி மேசை, ஒரே மாதிரி கழிப்பறை இருந்தும் கட்டணம் வேறாக இருந்தால் ஆச்சரியப்பட வேண்டியதில்லை.

மேசை எப்படி வந்தது

1920களில் கார் வைத்திருந்தவர்கள் காட்டுக்குள் நினைத்த இடத்தில் ஓட்டிச் சென்று டென்ட் அடித்தார்கள். சில ஆண்டுகளிலேயே மரங்கள் வாடத் தொடங்கின. எமிலியோ மைனெக்கி என்ற தாவர நோயியலாளர் கலிபோர்னியாவின் ரெட்வுட் மரங்களை ஆராய்ந்து காரணத்தைச் சொன்னார்: டயரும் காலடியும் மண்ணை இறுக்கி, வேர்களை மூச்சுமுட்ட வைக்கின்றன. அவர் 1932இல் முன்வைத்த திட்டம்தான் இன்றைய கேம்ப்கிரவுண்ட். ஒருவழிப் பாதையாகச் சுற்றி வரும் சாலை, அதிலிருந்து பிரியும் குட்டித் தடங்கள், கார் தாண்ட முடியாதபடி பாறைகள், அசையாத மேசை, அசையாத அடுப்பு. மனிதர்கள் எங்கே உட்கார்வார்கள், எங்கே நடப்பார்கள் என்பதை மேசையே தீர்மானித்துவிடும் என்பது அவர் கணக்கு. அடுத்த ஆண்டு தொடங்கிய சிவிலியன் கன்சர்வேஷன் கோர் திட்டத்தில், பொருளாதாரப் பெருமந்த காலத்தில் வேலையின்றி இருந்த இளைஞர்கள் இப்படிப்பட்ட கேம்ப்கிரவுண்டுகளை நாடெங்கும் கட்டினார்கள்.

இந்தப் பழங்கதை இன்றைய செலவோடு நேரடியாக முட்டுகிறது. அன்றைய கார்களை மனதில் வைத்துப் போட்ட தடத்தில் இன்றைய ஆர்வி, அதாவது படுக்கையும் அடுப்பும் உள்ளேயே இருக்கும் வீட்டுவண்டி, நுழையாது. 2021இல் மட்டும் அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் 6 லட்சம் ஆர்விகளை விற்பனைக்கு அனுப்பினார்கள்; அது அதுவரை இல்லாத எண்ணிக்கை. தடத்தை நீட்ட வேண்டும், 30 ஆம்பியர் மின்இணைப்பை 50 ஆக்க வேண்டும், கழிவுநீர் இறக்கும் இடம் கட்ட வேண்டும். மின்சாரம், தண்ணீர், கழிவுநீர் மூன்றும் கொடுக்கும் சைட்டை 'ஃபுல் ஹுக்கப்' என்பார்கள். வெறும் டென்ட் சைட்டைவிட அதற்குக் கட்டணம் கூடுதலாக இருப்பதில் எனக்குக் குறையில்லை. டென்ட்காரர் கொடுக்கும் காசு ஆர்விக்காரரின் மின்கம்பத்துக்குப் போகும்போதுதான் வழக்கு.

டென்ட் சைட்டுக்கும் செலவு உண்டு, அது கண்ணுக்குத் தெரியாதது. வால்ட் டாய்லெட்டை எடுத்துக்கொள்வோம். கான்கிரீட் அறை, அடியில் ஒரு தொட்டி, ஃப்ளஷ் கிடையாது, கூரைக்கு மேலே உயர்ந்து நிற்கும் ஒரு கறுப்புக் குழாய். தொட்டி நிறைந்ததும் உறிஞ்சி எடுக்க லாரி வர வேண்டும், மலைப்பாதையில், பல மைல் தூரம். குழாயில் வரும் குடிநீரைத் தவறாமல் பரிசோதிக்க வேண்டும். பட்டுப்போன மரம் டென்ட் மேல் விழாமல் முன்கூட்டியே வெட்ட வேண்டும். கரடிக்கு எட்டாத இரும்புப் பெட்டி, குப்பை வண்டி, கோடையில் தற்காலிக ஊழியர். கேம்ப் ஹோஸ்ட் என்று ஒருவர் நுழைவாயில் அருகே ஆர்வியில் குடியிருப்பாரே, அவர் பெரும்பாலும் தன்னார்வலர். தங்கும் இடம்தான் அவருக்கு ஊதியம். அவர் இல்லாவிட்டால் கட்டணம் இன்னும் ஏறியிருக்கும்.

இத்தனையையும் செய்யாமல் தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. நேஷனல் பார்க் சர்வீஸ் ஒத்திவைத்த பராமரிப்பு வேலைகளின் மதிப்பு சுமார் 2300 கோடி டாலர். 2020இல் நிறைவேறிய கிரேட் அமெரிக்கன் அவுட்டோர்ஸ் சட்டம், ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் 190 கோடி டாலர் வரை பொது நிலங்களின் பழுது பார்க்க ஒதுக்கியது. ஆனாலும் பாக்கி குறையவில்லை. கட்டிடப் பணிச் செலவு ஏறிக்கொண்டே போனது; வருகிறவர்களும் கூடினார்கள். 2024இல் நேஷனல் பார்க்குகளுக்கு 33 கோடிக்கும் அதிகமான வருகைகள் பதிவாயின, அது ஓர் உச்சம்.

சட்டம் சொல்லும் ஒன்பது

மத்திய அரசு நிலங்களில் கேம்பிங் கட்டணம் வாங்க அடிப்படையாக இருப்பது 2004 டிசம்பரில் வந்த ஒரு சட்டம். எஃப்.எல்.ஆர்.இ.ஏ. என்று சுருக்கிச் சொல்வார்கள். அதில் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்கள் மூன்று.

ஃபாரஸ்ட் சர்வீஸோ பி.எல்.எம்மோ ஒரு கேம்ப்கிரவுண்டுக்குக் கட்டணம் போட வேண்டுமென்றால், சட்டம் அடுக்கும் ஒன்பது வசதிகளில் பாதிக்கு மேல், அதாவது ஐந்தாவது அங்கே இருக்க வேண்டும். டென்ட் அல்லது டிரெய்லர் போட இடம், மேசை, குடிநீர், உள்ளே வரச் சாலை, நேரில் கட்டணம் வசூலிக்கும் ஆள், பாதுகாப்பு ஏற்பாடு, குப்பைத் தொட்டி, கழிப்பறை, நெருப்புக்கு வளையம். மேசையும் இல்லாமல் கழிப்பறையும் இல்லாமல் வெறும் காட்டில் டென்ட் போடுகிறவரிடம் இந்தப் பெயரில் காசு கேட்க முடியாது. ஃபாரஸ்ட் சர்வீஸ், பி.எல்.எம். நிலங்களில் பெரும்பாலான இடங்களில் இப்படி இலவசமாகத் தங்கலாம். ஒரே இடத்தில் பொதுவாக 14 நாள் வரை. இதை டிஸ்பர்ஸ்டு கேம்பிங் என்கிறார்கள்.

இரண்டாவது, வசூலான பணத்தில் பொதுவாகக் குறைந்தது 80 சதவீதம் வசூலித்த இடத்திலேயே செலவாக வேண்டும். அதற்கு முன்பெல்லாம் கட்டணத்தின் பெரும்பகுதி மத்தியக் கருவூலத்துக்குப் போய்க் கலந்துவிடும். 1996இல் சோதனையாகத் தொடங்கிய ஒரு திட்டம் இதை மாற்றியது, 2004 சட்டம் அதைத் தொடர்ந்தது. கேட்க நல்ல ஏற்பாடுதான். அதற்கு மறுபக்கமும் உண்டு. வசூல் கையிலேயே நிற்கும் என்றால், 'நீங்களே சம்பாதித்துக்கொள்ளுங்கள்' என்று பட்ஜெட் போடுகிறவர்கள் கையை இறுக்குவது எளிதாகிவிடுகிறது. கட்டணம் கூடுதல் வசதிக்கு என்று தொடங்கி, அன்றாடச் செலவுக்கே என்று ஆகிவிடுவது இப்படித்தான்.

மூன்றாவதைத்தான் பலர் கவனிப்பதில்லை. கட்டணம் நிர்ணயிக்கும்போது மற்ற அரசு அமைப்புகளும் பக்கத்துத் தனியார் கேம்ப்கிரவுண்டுகளும் என்ன வாங்குகின்றன என்பதைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. தனியாரிடம் போட்டி போட்டு அவர்களை நசுக்கக் கூடாது என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயம். விளைவு என்ன? கொரோனா காலத்தில் எல்லோரும் வெளியே கிளம்ப, தனியார் கேம்ப்கிரவுண்டுகள் விலையை ஏற்றின. சில ஆண்டுகளில் அரசு கேம்ப்கிரவுண்ட் ஒப்பீட்டுப் பட்டியல் போட்டுப் பார்த்து, 'நாம் குறைவாக வாங்குகிறோம்' என்ற முடிவுக்கு வரும். ஒருவரைப் பார்த்து ஒருவர் ஏறும் ஏணி இது.

பணவீக்கத்தையும் சேர்த்துப் பார்ப்பதுதான் நேர்மை. 2015இல் 26 டாலருக்கு இருந்த வாங்கும் சக்தி 2025இல் ஏறக்குறைய 35 டாலருக்குச் சமம். அப்படிப் பார்த்தால் அப்பர் பைன்ஸின் 36 டாலர் பெரிய கொள்ளை இல்லை. 2022இல் ஒரே தாவாகத் தாவியதால் உறைத்தது, அவ்வளவுதான். ஆகவே பலகையில் எழுதியிருக்கும் தொகையை மட்டும் பார்த்துக் கோபப்படுகிறவர்களோடு நான் முழுக்க உடன்படவில்லை. பலகையில் இல்லாத தொகைதான் இப்போதைய பிரச்சினை.

இரும்பு ரேஞ்சரும் ஏழு மணி பந்தயமும்

முன்பு கேம்பிங் போகிறவர் வெள்ளிக்கிழமை மதியமே போய்ச் சேர்வார், காலியாக இருக்கும் சைட்டைப் பிடிப்பார். நுழைவாயிலில் இடுப்புயர இரும்புக் குழாய் ஒன்று நிற்கும், தலையில் ஒரு கீறலோடு. அதற்குப் பெயரே 'அயர்ன் ரேஞ்சர்'. பக்கத்துப் பெட்டியிலிருந்து ஒரு கவரை எடுத்து, கார் நம்பர், சைட் நம்பர், எத்தனை இரவு என்று எழுதி, பணத்தை உள்ளே வைத்து ஒட்டி, ஓரத் துண்டைக் கிழித்துக்கொண்டு, கவரைக் கீறலுக்குள் போட வேண்டும். கிழித்த துண்டை சைட் கம்பத்தின் கிளிப்பில் மாட்டிவிட்டால் முடிந்தது. சில்லறை இல்லாதவர்கள் பக்கத்து டென்ட்காரரிடம் மாற்றிக்கொள்வார்கள். இன்றும் இப்படிப்பட்ட கேம்ப்கிரவுண்டுகள் இருக்கின்றன, ஆனால் வேகமாகக் குறைந்து வருகின்றன. சில இடங்களில் குழாய்க்குப் பதில் கியூஆர் கோடு.

இப்போது மத்திய அரசு இடங்களில் பெரும்பாலானவற்றுக்கு ரெக்ரியேஷன்.கவ் என்ற முன்பதிவு இணையதளம்தான் வாசல். பெயரில் அரசு இருந்தாலும் அதை நடத்துவது பூஸ் ஆலன் ஹாமில்டன் என்ற ஆலோசனை நிறுவனம். 2017இல் ஒப்பந்தம் பெற்று, 2018 அக்டோபரில் புதிய தளத்தைத் தொடங்கியது. அந்த நிறுவனத்துக்கு ஒவ்வொரு புக்கிங்குக்கும் இவ்வளவு என்று பணம் போகிறது. ஃபாரஸ்ட் சர்வீஸ் கேம்ப்கிரவுண்டுகளில் ஆன்லைனில் புக் செய்தால் பொதுவாக 8 டாலர் முன்பதிவுக் கட்டணம், திரும்பக் கிடைக்காது. நேஷனல் பார்க்குகளில் பல இடங்களில் இது இரவுக் கட்டணத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது, தனியாகத் தெரிவதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சைட் கட்டணம் 28 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் இரவுக்கு புக் செய்தால் 36 டாலர் ஆகிறது. நாலு இரவுக்கு புக் செய்தால் 112ம் 8ம் சேர்ந்து 120, இரவுக்கு 30. அதாவது சனிக்கிழமை ஒரு நாள் மட்டும் லீவு கிடைக்கிறவர்தான் விகிதத்தில் அதிகம் கொடுக்கிறார். போக முடியாமல் கேன்சல் செய்தால் அதற்கு 10 டாலர். ஆக ஓரிரவு புக்கிங்கை முன்கூட்டியே கேன்சல் செய்கிறவருக்கு 36இல் 18 திரும்பி வரும், பாதி போய்விடும். கடைசி நேரத்தில் கேன்சல் செய்தால் முதல் இரவுக் கட்டணமும் போகும். சொல்லாமல் கொள்ளாமல் வராமலே இருந்துவிட்டால் 20 டாலரும் முதல் இரவும்.

இந்தக் கட்டணங்கள் கேள்விக்கு உள்ளாகாமல் இல்லை. லாஸ் வேகாஸ் அருகே உள்ள ரெட் ராக் கேன்யனில் நுழைய 2 டாலர் முன்பதிவுக் கட்டணம் வாங்கியதை எதிர்த்து ஒருவர் வழக்குப் போட்டார். பொதுமக்களிடம் கருத்துக் கேட்காமல் அதை விதித்தது சட்டப்படி செல்லாது என்று நெவாடா மத்திய நீதிமன்றம் 2022இல் தீர்ப்பளித்தது. தொகை சிறியது. ஆனால் கேம்ப்கிரவுண்ட் கட்டணத்துக்குப் பொருந்தும் நடைமுறை முன்பதிவுக் கட்டணத்துக்கும் பொருந்துமா என்பது பெரிய கேள்வி, என் பார்வையில் பொருந்தத்தான் வேண்டும்.

பணமாக எண்ண முடியாத விலை ஒன்றும் உண்டு. யோசமிட்டியின் கோடைகால சைட்டுகளுக்குப் பல மாதம் முன்பே, மாதத்தின் 15ஆம் தேதி பசிபிக் நேரப்படி காலை 7 மணிக்கு வாசல் திறக்கும். சில நிமிடங்களில் எல்லாம் தீர்ந்துவிடும். வேகமான இணையம், அந்த நேரத்தில் கணினி முன் உட்காரக்கூடிய வேலை, ஐந்து மாதம் கழித்து எந்த வாரம் லீவு என்று இப்போதே சொல்ல முடிகிற வாழ்க்கை. மூன்றும் இருப்பவருக்கு சைட் கிடைக்கிறது. மொன்டானா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஐந்து நேஷனல் பார்க் கேம்ப்கிரவுண்டுகளின் செல்போன் இருப்பிடத் தரவுகளை வைத்து 2022இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். முன்பதிவு சைட்டுகளில் தங்கியவர்கள், முதலில் வருகிறவருக்கே என்ற சைட்டுகளில் தங்கியவர்களைவிட வருமானம் கூடிய பகுதிகளிலிருந்து வந்திருந்தார்கள். கட்டணத்தை ஒரு டாலர்கூட ஏற்றாமலே ஏழையை வெளியே நிறுத்த முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இன்னொரு எரிச்சல், புக்கிங் 'ஃபுல்' என்று காட்டும் இடத்தில் நேரில் போனால் காலி மேசைகள் தெரியும். மூன்று நாளுக்குப் போட்டுவிட்டு ஒரே நாளில் கிளம்புகிறவர்கள், வராமலே விடுகிறவர்கள். கலிபோர்னியா ஸ்டேட் பார்க்குகளில் இதைத் தடுக்க 2023இல் ஒரு சட்டம் இயற்றினார்கள்.

வெளிமாநிலக்காரருக்குத் தனி விலை

ஸ்டேட் பார்க்குகளில் வேறொரு போக்கு. ஐடஹோ 2021இல் ஐந்து பிரபல பூங்காக்களில் வெளிமாநிலத்தவரின் கேம்பிங் கட்டணத்தை இரட்டிப்பாக்கியது. ஆரிகன் 2022 ஜூலையில் வெளிமாநில ஆர்விக்காரர்களிடம் 25 சதவீதம் கூடுதலாக வாங்கத் தொடங்கியது. புளோரிடா விலையைத் தொடாமல் வரிசையை மாற்றியது: 2024 முதல் மாநிலவாசிகள் 11 மாதம் முன்பே புக் செய்யலாம், மற்றவர்கள் 10 மாதம் முன்பு. குளிர்காலத்தில் அங்கே அந்த ஒரு மாதம் என்பது எல்லாமே. மாநில வரியில் நடக்கும் பூங்காவில் மாநிலத்தவருக்குச் சலுகை என்பது நியாயமாகவே படுகிறது. ஆரிகன் ஸ்டேட் பார்க்குகளோ மாநிலப் பொது வரிப்பணத்தில் நடப்பவை அல்ல. லாட்டரிப் பணம், ஆர்வி பதிவுக் கட்டணம், வருகிறவர்களின் கட்டணம் ஆகியவற்றில் ஓடுகின்றன. அங்கே அந்த வாதம் கொஞ்சம் நொண்டுகிறது.

கிரேட் ஸ்மோக்கி மவுன்டன்ஸ் ஒரு விசித்திரம். அங்கே நுழைவுக் கட்டணம் கிடையாது. பிரதான சாலையை டென்னசி மாநிலம் ஒப்படைத்தபோதே சுங்கம் வாங்கக் கூடாது என்று நிபந்தனை போட்டிருந்தது. ஆகவே 2023இல் பார்க்கிங் டேக் என்று புதிதாகக் கொண்டுவந்தார்கள்: நாளுக்கு 5, வாரத்துக்கு 15, ஆண்டுக்கு 40 டாலர். அதோடு கேம்பிங் கட்டணமும் ஏறியது. மலைக்குள் நடந்துபோய்த் தங்குகிறவர் கட்டணம் ஒரு நபருக்கு இரவுக்கு 4 டாலரிலிருந்து 8 ஆனது. ஒரு வாசல் அடைபட்டிருந்தால் தண்ணீர் வேறு வழியில் போகும்.

செலவைக் குறைக்க வழிகள் உண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 62 வயது நிறைந்த அமெரிக்கக் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் சீனியர் பாஸ் வாங்கலாம், வாழ்நாளுக்கு 80 டாலர் அல்லது ஆண்டுக்கு 20. நிரந்தர உடற்குறைபாடு உள்ளவர்களுக்கு ஆக்சஸ் பாஸ் இலவசம். இரண்டுமே மத்திய அரசு கேம்ப்கிரவுண்டுகள் பலவற்றில் இரவுக் கட்டணத்தைப் பாதியாக்கும். முன்பதிவுக் கட்டணத்துக்குத் தள்ளுபடி இல்லை, குத்தகைக்காரர் நடத்தும் இடத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. பேரன் பேத்தியைப் பார்க்க விசாவில் வந்திருக்கும் பெற்றோருக்கு சீனியர் பாஸ் கிடைக்காது. பிரபல பார்க்கில் சைட் கிடைக்காவிட்டால் அதைச் சுற்றியுள்ள நேஷனல் ஃபாரஸ்டைப் பாருங்கள். அணைக்கரைக் கேம்ப்கிரவுண்டுகளைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். விறகை வீட்டிலிருந்து ஏற்றிச் செல்லாதீர்கள்; பூச்சி பரவும் என்பதால் பல இடங்களில் தடை. கட்டு விறகின் விலையையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கட்டணம் ஏறப்போகிறது என்றால் அறிவிப்பு வரும். கேம்ப்கிரவுண்டின் பலகையிலும் அந்தப் பூங்காவின் இணையப் பக்கத்திலும் ஒட்டுவார்கள், பொதுவாக ஒரு மாத அளவில் கருத்துச் சொல்ல அவகாசம் இருக்கும். புதிதாகக் கட்டணம் தொடங்கும் இடமென்றால் ஆறு மாதம் முன்பே அரசிதழில் வெளியிட வேண்டும். அமெரிக்கக் குடிமக்களாக இருக்க வேண்டும் என்றில்லை, யார் வேண்டுமானாலும் எழுதலாம். 'ஏற்றாதீர்கள்' என்று மட்டும் எழுதினால் எண்ணிக்கையில் ஒன்று கூடும், அவ்வளவே. போன வசூலில் இங்கே செலவான 80 சதவீதத்தில் என்ன வேலை நடந்தது, புதிய தொகையில் முன்பதிவு நிறுவனத்துக்கு எவ்வளவு போகிறது, முதலில் வருகிறவருக்கு எத்தனை சைட் விடுகிறீர்கள் என்று எண்ணோடு கேட்டு எழுதுங்கள்.